சாண்டரைக் கீழே வைக்கவில்லை

என் கணவர் பைக்கிலிருந்து விழுந்த மறுவாரம், அவருடைய அண்ணன் பட்டறைச் சாவியைக் கேட்டு வீட்டுக்கு வந்தார்.

காவிரிப் பாலம் இறங்குகிற இடத்தில் கொட்டிக் கிடந்த மணலில் வண்டி சறுக்கியிருந்தது. வலது மணிக்கட்டிலும் தோளிலும் எலும்பு முறிவு. குணமாகி வந்தாலும் கொஞ்ச காலத்துக்குக் கனமான எதையும் தூக்கக் கூடாது, அதிர்கிற எதையும் பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்களுக்கு இருந்ததோ திருவானைக்காவல் பக்கம் ஒரு சின்ன மரப் பட்டறை. கதவு, ஜன்னல், கட்டில், கண்ணாடி அலமாரி என்று கேட்டதைச் செய்து தருவோம். அங்கே இருக்கிற சாமான் எல்லாமே ஒன்று கனக்கும், இல்லாவிட்டால் அதிரும்.

“சாவியக் குடும்மா. தம்பிக்குக் கை சேர்ற வரைக்கும் பூட்டி வைப்போம். அப்புறம் பாத்துக்கலாம்” என்றார் அண்ணன்.

அவர் பொன்மலையில் வெல்டிங் கடை வைத்திருக்கிறார். கடை முன்னால் இரும்புக் குழாய்களைப் போட இடமில்லை என்று ரொம்ப நாளாகவே புலம்பிக்கொண்டிருந்தார். பாகம் பிரித்ததில் பட்டறை இடம் என் கணவருக்கு வந்தது அவருக்கு இன்றுவரை செரிக்கவில்லை. அந்த ‘அப்புறம்’ என்ற வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

“பூட்ட வேணாம் மாமா. ஒத்துக்கிட்ட வேலை கெடக்கு.”

“கெடக்கு, சரி. யாரு பாக்குறது?”

“நான் பாக்குறேன்.”

அவர் சிரித்தார். தம்பியும் சேர்ந்து சிரிப்பான் என்று திரும்பிப் பார்த்தார். என் கணவர் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சொல்லாததை நான் சரி என்று எடுத்துக்கொண்டேன்.

பட்டறை எனக்குப் புதிதில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறதும், மரத்து ஓட்டைகளுக்கு மக்கு பூசுகிறதும், பாலிஷ் அடிக்கிறதும் என் பொறுப்புதான். ஆனால் அதை யாரும் வேலை என்று சொன்னதில்லை. ‘கூடமாட ஒத்தாசையா இருக்கா’ என்பார்கள். மெஷின்கள் மட்டும் அவருடையவை. அதிலும் பெல்ட் சாண்டரை அவர் என்னைத் தொட விட்டதே கிடையாது. கார் டயரைக் கையில் பிடித்து ஓட்டுவதுபோல அது. இரண்டு உருளைகளுக்கு மேல் உப்புத்தாள் பட்டை ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும், பலகை மேல் வைத்தால் தோலுரிப்பதுபோல் மரத்தை உரித்துவிட்டுப் போகும். நான் ஒரு மத்தியானம் முழுக்கக் கையால் தேய்க்கிற பலகையை அது டீ ஆறுவதற்குள் முடித்துவிடும்.

“அது பாயும். உனக்கு வேணாம்” என்பார்.

உண்மையிலேயே பாய்ந்தது. முதல் நாளே.

பிடியில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்திவிட்டால் சுவிட்சை விட்டாலும் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். கடைசியாக ஓட்டியபோது கரண்ட் போயிருக்க வேண்டும். அவர் அப்படியே வயரைப் பிடுங்கி வைத்துவிட்டார். அந்தப் பொத்தான் அமுங்கியே இருந்தது எனக்குத் தெரியாது. சாண்டரைப் பலகை மேல் வைத்துவிட்டுப் போய் ப்ளக்கைச் சொருகினேன். கயிறறுத்த கன்றுக்குட்டிபோல அது பலகை முழுவதும் ஓடி, மேஜை விளிம்பைத் தாண்டி, வயர் விறைத்து ப்ளக் பிடுங்கிக்கொள்ள, தரையில் மூக்குக் குத்தி விழுந்தது.

வாசலில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். ‘சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்’ என்று பிறகு சொன்னார்.

“நான்தான் சொன்னேன்ல?”

விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவிடலாம்போல் இருந்தது. ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக மெஷினைத் தூக்கினேன். உடைந்திருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தேன். பொத்தானை விடுவித்தேன். மறுபடி ப்ளக்கைச் சொருகி, இரண்டு கையாலும் இறுகப் பிடித்து, சுவிட்சை அழுத்திப் பலகையில் இறக்கினேன். அவர் கிளம்பிப் போகும்வரை நிறுத்தவே இல்லை. ஒரே இடத்தில் வைத்து ஓட்டியதில் பலகை நடுவில் குளம்போலக் குழிந்துவிட்டது. பலகை போனது போனதுதான். மெஷின் என் கைக்கு வந்துவிட்டது.

கற்றுக்கொண்டது கழிவுக் கட்டைகளில். என் கணவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தூளிக்கட்டோடு உட்கார்ந்து கத்திக்கொண்டே இருப்பார். “சாய்க்காத! அழுத்தாத! திருப்பாத!” அவர் கத்துவது எப்போதும் நான் சாய்த்து, அழுத்தி, திருப்பி முடித்த பிறகுதான் வரும். அவருக்கு அது கையில் இருந்த வித்தை, வாயில் இல்லை. ஒரு நாள் மெஷினை அணைத்துவிட்டுச் சொன்னேன்.

“நீங்க வீட்டுக்குப் போங்க.”

“என்ன?”

“வீட்டுக்குப் போய் டீவி பாருங்க. நீங்க கத்துற சத்தத்துல மெஷின் சத்தம் எனக்குக் கேக்கல.”

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. எழுந்து போய்விட்டார். ஆனால் நான் சொன்னது நிஜம். அந்த மெஷின் சத்தத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடும். அழுத்தினால் குரல் தாழும். மோட்டார் திணறுகிறது என்று அர்த்தம். அதனுடைய எடையே போதும், நாம் அழுத்தவே வேண்டாம். பெல்ட் ஒரு பக்கமாக நகர்ந்து ஓரத் தகட்டில் உரசினால் கீச்சென்று கத்தும். பக்கத்தில் உள்ள திருகைக் கொஞ்சம் திருப்பினால் நடுவுக்கு வந்துவிடும். பெல்ட்டின் உள்பக்கம் ஒரு அம்புக்குறி போட்டிருப்பார்கள். அது மெஷின் மேல் இருக்கிற அம்புக்குறியோடு ஒத்துப்போக வேண்டும். மாற்றிப் போட்டால் ஒட்டுப் பிரிந்து படாரென்று கையருகே அறையும். அந்த அறையையும் ஒரு தடவை வாங்கிப் பார்த்தேன்.

காற்றில் தூக்கியே சுவிட்சைப் போட வேண்டும். விமானம் இறங்குவதுபோல் பின்பக்கத்தை முதலில் தொடவிட்டு, உடனே நகர ஆரம்பிக்க வேண்டும். அணைப்பதற்கு முன்னால் தூக்கிவிட வேண்டும். மரத்தின் ரேகை போகிற வழியில்தான் போக வேண்டும். குறுக்கே போனால் கீறல் விழும், அந்தக் கீறல் பாலிஷ் போட்ட பிறகுதான் பல்லை இளிக்கும். வயரைத் தோள் மேல் போட்டுக்கொண்டால் பெல்ட்டுக்கு அடியில் மாட்டாது. பலகை முழுக்கப் பென்சிலால் கிறுக்கிவிட்டு ஓட்டினால், கிறுக்கல் எங்கே மிச்சமிருக்கிறதோ அங்கே பள்ளம். இதெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. கெட்டுப்போன கட்டைகள்தான் சொல்லித் தந்தன.

உடுப்பும் மாறியது. முந்தானையோ துப்பட்டாவோ மெஷினுக்குப் பக்கத்தில் ஆகாது. சுடிதார் மேல் கணவருடைய பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டு, கழுத்து வரை பட்டன் போட்டு, தாலிக்கொடியை உள்ளே தள்ளி, முடியைக் கொண்டையாக முடிந்து துண்டு கட்டிக்கொண்டேன். வளையல்களைக் கழற்றி வைத்தேன். அதைத்தான் தெருவில் முதலில் கவனித்தார்கள். மளிகைக் கடைக்காரம்மா கேட்டார்: “என்னங்க, கை மூளியா இருக்கு? வீட்டுக்காரருக்கு ஒடம்பு சரியில்லாத நேரத்துல?”

“வளையல் போட்டுக்கிட்டு மெஷின் ஓட்டுனா கையே இருக்காதுங்க” என்றேன்.

அந்தச் சமயத்தில்தான் ஸ்ரீரங்கத்து மாமி வந்தார். உத்திர வீதியில் தனியாக இருக்கிறவர், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு வாசலில் தேக்கில் செய்த பெரிய ரெட்டைக் கதவு. தலைமுறை தலைமுறையாகப் பச்சை, சிவப்பு, மறுபடி பச்சை என்று பெயின்ட் மேல் பெயின்டாக அடித்து, கதவு பலகையா தகரமா என்றே தெரியாமல் கிடந்தது. குறுக்கே இரும்புப் பட்டைகள், துருப்பிடித்து. கழற்றிப் போட்டுவிட்டுப் புதுக் கதவு மாட்டச் சொல்லி இரண்டு ஆசாரிகள் சொல்லியிருந்தார்களாம். மாமி கேட்கவில்லை.

“பெயின்டை எடுத்துட்டு மரம் தெரியறாப்பல பண்ணித் தரணும். ஏகாதசிக்கு ஆத்துக்கு மனுஷா வருவா, அதுக்குள்ள ஆகணும். உங்க ஆத்துக்காரர் எங்கே?”

“கையில அடி மாமி. நான்தான் பண்ணுவேன்.”

மாமி என் தலைத்துண்டிலிருந்து காலணி வரை பார்த்தார்.

“பொண்டுகள் இதெல்லாம் பண்ணி நான் பார்த்ததில்லை.”

“இப்பப் பாருங்க மாமி.”

“பார்க்கறேன். ஆனா கோணல்மாணலா வந்தா எடுத்துக்க மாட்டேன். முன்னாடியே சொல்லிட்டேன்.”

“எடுத்துக்காதீங்க.”

ஒரு பக்கக் கதவை மட்டும் முதலில் கழற்றி லோடு ஆட்டோவில் ஏற்றி வந்தோம். வீடு திறந்து கிடக்கக் கூடாது என்று அந்த இடத்தில் ஒரு பிளைவுட்டை அடித்துக் கொடுத்தேன். பழைய பெயின்ட் மேல் நேராக சாண்டரை வைத்தால் பெயின்ட் சூட்டில் இளகிப் பெல்ட்டில் அப்பிக்கொள்ளும். பெல்ட் வழவழவென்று ஆகி வெறுமனே சுற்றும். அதனால் முகத்தில் மாஸ்க் கட்டிக்கொண்டு, பெயின்டை இளக்குகிற மருந்து பூசி ஊறவைத்து, சுரண்டி எடுத்தேன். அதற்குப் பிறகுதான் நாற்பதாம் நம்பர் பெல்ட். சரளைக்கல் மாதிரி சொரசொரப்பானது; நம்பர் ஏற ஏற நைசாகும். அடைத்துக்கொண்டபோதெல்லாம் பழைய கிரேப் ரப்பர் செருப்பின் அடிப்பாகத்தை ஓடுகிற பெல்ட்டில் காட்டினேன். அழுக்கெல்லாம் ரப்பரோடு உதிர்ந்து பெல்ட் மறுபடி பல் முளைத்ததுபோல் ஆகிவிடும்.

சிவப்புக்கு அடியில் தேக்கு வந்தது. தேன் நிறம். அந்த வாசனை பட்டறை முழுக்க நிறைந்தது. நான் மெஷினை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரிடமாவது காட்ட வேண்டும்போல் இருந்தது. வீட்டுக்குப் போய் அவரைக் கூட்டிவந்தேன். அவர் இடது கையால் தடவிப் பார்த்தார். “எண்பது போட்டுட்டு நூத்திருபது போடு” என்று மட்டும் சொன்னார். இந்த முறை கத்தவில்லை.

அடுத்த நாள் அவரைக் கைக்குப் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அண்ணன் அன்றைக்கு வந்து பட்டறையைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். கதவின் இரும்புப் பட்டைகளைக் கழற்றித் தனியாக வைத்திருந்தேன். “இரும்பு நம்ம வேல. துருவ நான் எடுத்து வைக்கிறேன்” என்று அவராகவே சொன்னார். அவர் கிரைண்டரில் செய்வார் என்று நினைத்தேன். நல்ல மனதோடு சொன்னதாகவே எனக்குப் பட்டது. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

உச்சி வெயிலில் திரும்பி வந்தோம். தெருமுனையிலேயே வாசனை வந்தது. விறகு எரிகிற வாசனை இல்லை. துணி பொசுங்குகிற வாசனையும் மரம் கருகுகிற வாசனையும் சேர்ந்தது. அவரை ஆட்டோவிலேயே விட்டுவிட்டு ஓடினேன்.

பட்டறையில் யாருமில்லை. மேஜையடியில் சாண்டர் கிடந்தது. அதன் பின்னால் தொங்குகிற தூசிப் பை எரிந்து, பக்கத்தில் இருந்த மரத்தூள் மூட்டைக்குத் தீ தாவி, மூட்டையிலிருந்து எழுந்த சுவாலை சாய்த்து வைத்திருந்த மாமி வீட்டுக் கதவின் கீழ்மூலையை நக்கிக்கொண்டிருந்தது.

முதலில் ப்ளக்கைப் பிடுங்கினேன். வயரைப் பிடித்து மெஷினை வெளியே இழுத்தேன். கதவைத் தீயிலிருந்து விலக்கித் தனி ஆளாகத் தரையில் சாய்த்தேன். எப்படி முடிந்தது என்று இன்றைக்கும் தெரியாது. பிறகு டிரம்மில் இருந்த தண்ணீரை மூட்டை மேல் குடம் குடமாக ஊற்றினேன். மரத்தூள் மேலே அணைந்தாலும் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும் என்று தெரிந்ததால் மூட்டையைக் கிழித்துப் பரப்பிப் பரப்பி ஊற்றினேன். என் கணவர் வாசலில் நின்று ஒற்றைக் கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு என் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணன் டீக்கடையிலிருந்து வந்தார். அவர் முகத்திலும் இரத்தமில்லை. ஆனால் ஒரு நிமிஷம்தான்.

“நான் அப்பவே நெனச்சேன். நீ இத்தன நாளா அழுத்தி அழுத்தி ஓட்டுனதுல மோட்டாரு உள்ள பொசுங்கிருக்கு. இன்னிக்குப் பத்திக்கிச்சு. பொம்பள கையில மெஷினக் குடுத்தா இப்படித்தான் ஆகும். தம்பி, போதும்டா. கடைய மூடு.”

என் கணவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு சந்தேகம் இருந்தது. அதுதான் எனக்கு எரிந்த கதவைவிட அதிகமாக வலித்தது. கையிலும் முகத்திலும் கரி, சட்டை முழுக்கத் தண்ணீர். நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, சாண்டரை மேஜை மேல் வைத்துப் பிரித்தேன்.

“இப்ப எதுக்கு அது?” என்றார் அண்ணன்.

“மோட்டாரு பொசுங்கிருக்கான்னு பாக்குறேன் மாமா. நீங்களும் வந்து பாருங்க.”

பிடியில் ஒரு பக்கம் பிளாஸ்டிக் உருகியிருந்தது. உள்ளே மோட்டார் சுற்று அப்படியே செம்பு நிறத்தில் பளபளத்தது. பொசுங்கிய வாடை எதுவும் இல்லை. முந்தின வாரம்தான் நான் மோட்டாருக்குள் கரண்டைக் கடத்துகிற கார்பன் துண்டுகளைப் புதிதாகப் போட்டிருந்தேன். இரண்டு துண்டும் தேயாமல் இருந்தன. காற்றுத் துளைகளை அன்றாடம் ஊதிச் சுத்தம் செய்கிற வழக்கம் எனக்கு, அங்கேயும் அடைப்பில்லை. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கணவர் முன்னால் வைத்தேன்.

அப்புறம் கருகிப்போன தூசிப் பையை எடுத்தேன். உள்ளே மிச்சமிருந்த சாம்பலை ஒரு காகிதத்தில் கொட்டினேன். அலமாரிக் கதவுகளுக்குப் போடுகிற காந்தப் பூட்டு ஒன்று மேஜையில் கிடந்தது. அதைச் சாம்பலில் புரட்டி எடுத்தேன். முள்ளம்பன்றிபோல இரும்புத் துகள் சிலிர்த்துக்கொண்டு வந்தது.

“தேக்குல ஏது மாமா இரும்பு?”

கழற்றி வைத்த பட்டைகளில் ஒன்று பாதி பளபளவென்று இருந்தது. மேலே பெல்ட் ஓடிய கோடுகள் நேர்நேராகத் தெரிந்தன.

“பை நெறைய மரத்தூள வச்சுக்கிட்டு அதே மெஷின இரும்புல ஓட்டிருக்கீங்க. பொறி பறந்து நேரா பைக்குள்ள போயிருக்கு. உள்ள இருந்து கனிஞ்சிருக்கு. நீங்க அப்படியே வச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டீங்க.”

“ரெண்டு நிமிசம்தான் ஓட்டுனேன்.”

“பொறிக்கு ரெண்டு நிமிசம் எதுக்கு?”

அப்போது என் கணவர் வாய் திறந்தார். “அண்ணே, பையக் கழட்டாமயா ஓட்டுனீங்க?”

அவ்வளவுதான் கேட்டார். அண்ணனுக்கு அதற்குமேல் நிற்க முடியவில்லை. தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். “இனிமே இந்தப் பட்டற வாசல மிதிக்க மாட்டேன். ஒத்தாசைக்கு வந்தவன நிக்க வச்சுக் கேள்வி கேக்குறீங்க.”

“வாங்க மாமா. எப்ப வேணாலும் வாங்க. ஆனா மெஷினத் தொடணும்னா என்னைக் கேட்டுட்டுத் தொடுங்க” என்றேன்.

அவர் போன பிறகு வாசற்படியில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “ஒரு நிமிசம் நானும் நம்பிட்டேன்” என்றார். “தெரியும்” என்றேன்.

மாமியிடம் சொல்ல வேண்டுமே. சொல்லாமலே இழைத்துச் சரிபண்ணி மாட்டிவிடலாம் என்று கணவர் சொன்னார். எனக்கு அது ஒப்பவில்லை. மறுநாள் காலையில் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போனேன். மாமி பிளைவுட்டுக்கு முன்னால் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். கேட்டதும் மாமி கோலப்பொடிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

“எங்காத்துக் கதவு! எங்க தாத்தா காலத்துக் கதவு! யார் கொளுத்தினா?”

“பட்டறையில நடந்துச்சு மாமி. பட்டறை என் பொறுப்பு. பதில் நான்தான் சொல்லணும்.”

“அப்போ அந்த ரெண்டு ஆசாரியும் சொன்னது சரிதானே? புதுசு மாட்டிண்டிருக்கணும்.”

“கதவு போகல மாமி. மூலையில மேலாகக் கருகிருக்கு. நான் எடுத்துடுவேன். அந்த இடம் கொஞ்சம் சன்னமாகும், அதுக்கு ஓரத்துல ஒரு சட்டம் வச்சுக் குடுப்பேன். உங்களுக்குப் பிடிக்கலைன்னா, நீங்க யாருகிட்ட சொல்றீங்களோ அவங்ககிட்ட நானே கொண்டுபோய் இறக்குறேன்.”

மாமி என்னை வையத் தொடங்கினார். வாய்க்கு வந்தபடி வைதார், நடுநடுவே பெருமாளையும் இழுத்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் தலையைக் குனியவில்லை, எதிர்த்தும் பேசவில்லை. வைது முடித்ததும் கேட்டார்: “எப்போ பண்ணுவே?”

“இன்னிக்கு ஆரம்பிக்கிறேன்.”

“நான் வந்து பார்ப்பேன்.”

வந்துவிட்டார். மத்தியானமே ஆட்டோவில் வந்து இறங்கி, என் கணவருடைய பிளாஸ்டிக் நாற்காலியில், மூக்கை மடிசார்த் தலைப்பால் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். சாண்டரை மறுபடி பூட்டிப் புதுத் தூசிப் பை மாட்டியிருந்தேன். கருகிய மரத்தில் ஒரே இடத்தில் குடைந்தால் குழி விழும். அகலமாக, நீளமாக, கதவின் பாதி வரை இழுத்து இழுத்து இறக்க வேண்டும். கரி முதலில் பெல்ட்டை அடைத்தது. சுத்தம் செய்து மறுபடி ஓட்டினேன். கறுப்பு பழுப்பானது, பழுப்பு போய்த் தேன் நிறம் வந்தது. நாற்பதிலிருந்து அறுபது, எண்பது, நூற்றிருபது. கடைசியில் மெஷினை ஓரமாக வைத்துவிட்டுக் கையாலேயே உப்புத்தாள் போட்டேன். மாமி எழுந்து வந்து உள்ளங்கையால் தடவினார். பிறகு குனிந்து ஒரு கண்ணை மூடி, ஓரத்தைப் பார்த்தார். கணக்கு டீச்சர் அல்லவா.

“இந்த மூலை சன்னமா இருக்கு. தெரியறது.”

“தெரியும் மாமி. சொன்னேன்ல.”

“ம். சட்டத்தை வை. பார்ப்போம்.”

இரும்புப் பட்டைகளையும் நானே எடுத்தேன். இரும்புக்கு என்று தனிப் பெல்ட், தூசிப் பையைக் கழற்றி வைத்துவிட்டு, மரத்தூள் ஒரு சிட்டிகைகூட இல்லாமல் பெருக்கிய வெறும் தரையில், வாசலில் வைத்து ஓட்டினேன். இரும்பில் ஓட்டும்போது சூடு ஏறும். நிறுத்தி நிறுத்தித்தான் போக வேண்டும். பொறி தெருப்பக்கம் மத்தாப்புபோலப் பறந்தது. போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். நான் பொறிக்காகப் போட்டிருந்த கண்ணாடியை மூக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

இன்னொரு பக்கத்தையும் கொண்டுவந்து முடித்து, ஏகாதசிக்கு முன்னால் இரண்டு கதவும் மாட்டியாகிவிட்டது. மாமி தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டு எடுத்துப் பார்த்தார். “சாத்தறது” என்றார். பாராட்டெல்லாம் இல்லை. ஆனால் உள்ளே போய்ச் சுடச்சுடப் பொங்கல் கொண்டுவந்து வைத்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

கோடையில் என் கணவருக்குக் கை சேர்ந்தது. பட்டறைக்கு வந்த முதல் நாளே சாண்டரை எடுத்து ஓட்டினார். கொஞ்ச நேரத்தில் விரல்கள் மரத்துப்போய் உதறிக்கொண்டு கீழே வைத்தார். நாங்கள் இரண்டு பேரும் மெஷினைப் பார்த்தோம்.

“அளவு எடுக்குறது, கோக்குறது நீங்க பாருங்க. இது என்கிட்டயே இருக்கட்டும்” என்றேன்.

“முழுசாவா?”

“முழுசா.”

அவர் கொஞ்சம் முறைத்தார். பிறகு அளவு நாடாவைத் தேடினார். அப்புறம் இரும்புக்கென்று இன்னொரு பழைய சாண்டரை வாங்கி, அதன் மேல் சிவப்புப் பெயின்ட் அடித்து வைத்தேன். மரத்தோடது மரத்துக்கு, இரும்போடது இரும்புக்கு. பெல்ட்களை மடித்து அடுக்கினால் மழைக்காலத்து ஈரத்தில் ஒட்டு விட்டுப்போகும் என்று சுவரில் ஒரு குழாய் அடித்து வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறேன்.

போன ஐப்பசியில் உறவில் ஒரு குழந்தைக்குச் சமயபுரத்தில் காதுகுத்து. மண்டபத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. நான் சாம்பார் வாளியோடு வரிசையில் வந்தேன். பட்டுப்புடவை, கையில் வளையல் இல்லை. மறுநாள் வேலை இருந்ததால் போடவில்லை. இலை முன்னால் உட்கார்ந்திருந்த அண்ணன், பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்:

“நம்ம தம்பி பொண்டாட்டி இப்பப் பட்டறையில சித்தாள் வேல பாக்குது.”

இரண்டு பேர் சிரித்தார்கள். நான் அவர் இலையில் சாம்பாரை ஊற்றினேன்.

“சித்தாள் இல்ல மாமா. மெஷின் ஓட்டுறது நான்தான். சித்தாள் தேவைப்பட்டா உங்களுக்குச் சொல்லி அனுப்புறேன்.”

இந்தத் தடவை சிரித்தவர்கள் வேறு. அவரும் கடைசியில் உதட்டைக் கடித்துக்கொண்டு இலையைப் பார்த்தார். சிரிப்பா கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் நான் நிற்கவில்லை, சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது.

கை கழுவுகிற இடத்தில் ஜீயபுரத்திலிருந்து வந்திருந்த ஒரு அக்கா என் முழங்கையைத் தொட்டார். வாழைத்தோப்புக்குள் வீடு அவர்களுக்கு. “மழைக்கு எங்க வாசக்கதவு ஊறிப்போயி சாத்தவே மாட்டேங்குது. இவரு வருசா வருசம் செதுக்குறாரு, வெயில் காலத்துல பாத்தா நடுவுல கை போற அளவு சந்து. நீ வந்து பாக்குறியாம்மா?”

“இப்ப வேணாங்கக்கா. ஊறின கட்டையில பெல்ட்டு ஓட்டுனா அடைச்சுக்கும், நீங்க சொல்ற மாதிரி அப்புறம் சந்தும் விடும். நல்லாக் காயட்டும். தை பொறக்கவும் வரேன்.”

“இவரு என்ன சொல்லுவாரோ தெரியல.”

“அவர அன்னிக்கு வயலுக்கு அனுப்பிருங்க” என்றேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.